சேய்த்தொற்று: ‘கடத்தல்’ என்ற சொல் ஏன் பொருந்தாது

‘எச்.ஐ.வி. தாயிடமிருந்து குழந்தைக்குக் கடத்தப்படுவதைத் தடுத்தல்’ என்ற தொடரை விழிப்புணர்வுக் கையேடுகளில் பலமுறை பார்த்துச் சகித்துக்கொண்டிருந்தேன். அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பில் ‘கிருமியைக் குழந்தைக்குக் கடத்தும் தாய்மார்கள்’ என்று படித்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கில மூலச்சொல்லான ‘டிரான்ஸ்மிஷன்’ இலத்தீனிலிருந்து வந்தது; அப்பால் அனுப்புதல் என்பது அதன் வேர்ப்பொருள். ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு நோய்க்கிருமி சென்று சேர்வதை மருத்துவத்தில் அது குறிக்கிறது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. செல்வது கர்ப்பகாலத்திலும் நிகழலாம், பிரசவத்தின்போதும் நிகழலாம், தாய்ப்பால் வழியாகவும் நிகழலாம். மூன்று கட்டங்களையும் தாங்குவதாகத் தமிழ்ச்சொல் அமைய வேண்டும்.

‘கடத்தல்’ என்ற சொல்லுக்கு இரண்டு பிறப்புகள் உண்டு. ‘கட’ என்னும் தன்வினைப் பகுதியிலிருந்து வந்தால் தாண்டுதல் என்று பொருள்படும்; ‘கடத்து’ என்னும் பிறவினைப் பகுதியிலிருந்து வந்தால் ஒன்றை மற்றோரிடம் கொண்டுசேர்த்தல் என்று பொருள்படும். வெப்பக் கடத்தல், மின்கடத்தி என்று இயற்பியல் பாடநூல்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டன. அங்கே குறை சொல்ல எதுவும் இல்லை, ஏனெனில் செம்புக் கம்பியை யாரும் குற்றவாளியாக்கப் போவதில்லை. மனிதரைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘கடத்தல்’ என்றால் தங்கக் கடத்தலும் ஆள் கடத்தலுமே இன்றைய தமிழ்க் காதில் விழுகின்றன. அந்தச் சாயலைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இலக்கணம் செய்யும் தீங்கு. ‘கடத்தப்படுகிறது’ என்னும் செயப்பாட்டுவினை, யாரால் என்ற கேள்வியைக் கையோடு கொண்டுவருகிறது. வாக்கியத்தில் இருக்கும் ஒரே ஆள் தாய்தான். ஆகவே பழி அவர்மேல் சென்று படிகிறது. தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் முதல் கர்ப்பப் பரிசோதனைக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணிடம் இந்த வினைச்சொல்லைச் சொல்வது எவ்வளவு கொடியது என்பதை மொழிபெயர்ப்பவர்கள் ஒரு நொடியாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அறிவியலும் இந்தச் சொல்லுக்குத் துணை நிற்கவில்லை. தாயின் உடல் உண்மையிலேயே சேய்க்குக் கடத்தும் பொருள் ஒன்று இருக்கிறது: நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்கள். அவற்றை நஞ்சுக்கொடி, அதற்கென்றே அமைந்த ஏற்பிகளின் துணையோடு, கருவுக்குக் கொண்டுசேர்க்கிறது. அதனால்தான் எச்.ஐ.வி. தொற்றாத குழந்தையின் இரத்தத்திலும் தாயின் எதிர்ப்பொருள்கள் 18 மாதங்கள் வரை காணப்படலாம். எதிர்ப்பொருள் பரிசோதனையை மட்டும் நம்பாமல், குழந்தை பிறந்த ஆறு வாரம் அளவில் கிருமியின் மரபுப்பொருளையே தேடும் பரிசோதனையைச் செய்வதும் அதனால்தான். ‘கடத்தல்’ என்ற சொல்லை விட மனமில்லாதவர்கள் இந்த எதிர்ப்பொருள்களுக்கு அதைத் தாராளமாகக் கொடுக்கட்டும்.

‘பரம்பரையாக வரும் எச்.ஐ.வி.’ என்று எழுதுவது இன்னும் பெரிய பிழை. இது சொல்லைக் கடந்து கருத்தையே கெடுத்துவிடுகிறது. பரம்பரை நோய் என்பது மரபணு வழியாகப் பெற்றோரிடமிருந்து வருவது; மாத்திரை அதைத் தடுக்காது. எச்.ஐ.வி.யோ, தடுப்பு முயற்சி எதுவும் இல்லாதபோது நூற்றுக்கு 15 முதல் 45 வரையிலான குழந்தைகளைத் தொற்றுகிறது. தாய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையும் குழந்தைக்குச் சில வாரங்கள் தடுப்பு மருந்தும் முறையாகக் கிடைத்தால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 2015இல் கியூபாவும் 2019இல் இலங்கையும் இவ்வகைத் தொற்றை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. பரம்பரை என்று படித்துவிட்டு, தடுக்க வழியில்லை என்று ஒரு தாய் பரிசோதனைக்கே வராமல் இருந்துவிடக்கூடும்.

தாயின்மேல் பழி விழாதிருக்க, அண்மைக்கால ஆங்கில ஆவணங்கள் ‘வெர்ட்டிக்கல்’ என்ற அடைமொழியை விரும்புகின்றன. தலைமுறைகளை மேலிருந்து கீழாக வரையும் வழக்கத்தை ஒட்டிய சொல் அது. நோக்கம் நல்லது. அதை ‘செங்குத்துப் பரவல்’ என்று பெயர்த்தால் தமிழில் மலைச்சரிவுதான் தெரியும், தலைமுறை தெரியாது. ‘பரவல்’ என்பதும் பலரிடையே விரிந்து செல்வதற்கு உரிய சொல். இந்திய அரசின் திட்டம் ‘பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு’ என்று பெயர் சூட்டித் தந்தையின் பொறுப்பையும் நினைவூட்டியது. அந்த அக்கறையை மதிக்கிறேன், ஆயினும் குழந்தைக்குக் கிருமி சென்று சேரும் வழியை அப்பெயர் மங்கலாக்கிவிடுகிறது.

நமக்கு வேண்டிய வினை நம்மிடமே இருக்கிறது. ‘தொற்றுதல்’ என்பதில் தொற்றுவது கிருமி. மனிதர் அதன் எழுவாய் ஆவதில்லை. ‘தொற்று’ என்றால் நோயுற்ற நிலையையும் குறிக்குமே என்று கேட்பவர்களுக்கு, நிகழ்வைத் ‘தொற்றுதல்’ என்றும் நிலையைத் ‘தொற்று’ என்றும் பிரித்து எழுதுங்கள் என்பதே என் விடை. ‘தாய்-சேய்த் தொற்று’ என்று சுருக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘தாய்சேய் நலம்’ என்ற பழகிய தொடரைப் போல அது உம்மைத்தொகையாகி, தாய்க்கும் சேய்க்கும் உள்ள தொற்று என்றே படிக்கப்படும்; திசை காணாமல் போகும். திசையைக் காட்ட வேற்றுமை உருபு வேண்டும். எனவே முதல் முறை எழுதும்போது ‘தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுத்தல்’ என்று முழுமையாக எழுதிவிட்டு, அதன்பின் ‘சேய்த்தொற்றுத் தடுப்பு’ என்று சுருக்கலாம். காக்கப்பட வேண்டியவர் யார் என்பதை அந்தச் சுருக்கம் முன்னால் நிறுத்துகிறது.

‘பிறவி எச்.ஐ.வி.’ என்ற வழக்கையும் இதே அளவுகோலால் விலக்க வேண்டும். பிறக்கும்போது தொற்றில்லாதிருந்து, பின்னர்த் தாய்ப்பால் வழியாகத் தொற்றுக்கு ஆளான குழந்தைக்கு அப்பெயர் பொய்யாகிறது. பாலூட்டும் காலம் முழுவதும் தாய் மருந்தைத் தொடர வேண்டியதன் தேவையையும் அது மறைத்துவிடுகிறது.