பாதி டோஸ் போதாதா, டாக்டர்?

போன வாரம் என் கால்நடை கிளினிக்குக்கு ஒரு கிரேட் டேன் நாய் வந்தது. இரண்டரை வயது, 60 கிலோ. ஈறெல்லாம் வெளுத்துப்போய், நாலு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. உண்ணிக் காய்ச்சல். இரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், ஊசி, மாத்திரை என்று எழுதிக் கொடுத்ததும் வீட்டுக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாத்திரையைப் பாதி டோஸா குடுத்தா போதாதா, டாக்டர்? லிஸ்ட் ரொம்பப் பெரிசா இருக்கே."

35,000 ரூபாய் கொடுத்துக் குட்டி வாங்கியவர். பேரமே பேசவில்லை என்று முதல் தடுப்பூசிக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னவரும் அவர்தான். அவரை மட்டும் குறை சொல்லவில்லை. ராட்வீலர், செயின்ட் பெர்னார்ட், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று பெரிய நாயோடு வருகிற பாதிப் பேர் இதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டது. இனி இந்தக் கட்டுரையை அனுப்பிவிடலாம் என்று எழுதுகிறேன்.

நாங்கள் எடை பார்த்துத்தான் மருந்து எழுதுகிறோம். உண்ணிக் காய்ச்சலில் எர்லிக்கியா வகைக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். 5 கிலோ பொமரேனியனுக்கு 100 மில்லிகிராம் மாத்திரையில் தினம் பாதி, ஆக மொத்தம் 14 மாத்திரை. 60 கிலோ கிரேட் டேனுக்குத் தினம் ஆறு, மொத்தம் 168. (இதைப் படித்துவிட்டு நேராக மெடிக்கலுக்குப் போய் நிற்காதீர்கள். பபீசியா என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு மருந்தே வேறு. இரத்தம் பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது.) பாதி டோஸ் கொடுத்தால் நாய் எழுந்து நடக்கும், சாப்பிடும், நீங்களும் சந்தோஷமாக மருந்தை நிறுத்திவிடுவீர்கள். கிருமி உள்ளே தங்கியிருந்து சில மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையில் கை வைக்கும். அப்புறம் இரத்தம் ஏற்ற இன்னொரு பெரிய நாயைத் தேடி அலைய வேண்டும்.

மயக்க மருந்து, வலி மருந்து, குடற்புழு மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கிலோ கணக்குதான். உண்ணிக்குக் கொடுக்கிற மென்று தின்னும் மாத்திரையில் ஒரு வகை 56 கிலோவோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போனால் இரண்டு அளவுகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், 12 வாரத்துக்கு ஒரு முறை. கிரேட் டேனுக்கும் டாபர்மேனுக்கும் வருகிற இதய வீக்கத்துக்கு ஆயுள் முழுக்க மாத்திரை, அதுவும் எடைப்படியே. அதனால்தான் சின்ன நாய் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் பில்லோடு உங்கள் பில்லை ஒப்பிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள் என்கிறேன்.

சாப்பாட்டுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த 60 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,400 கலோரி வேண்டும். டிரை ஃபுட் என்றால் 600 முதல் 700 கிராம், மாதம் 20 கிலோ. சுமாரான தரத்தில் வாங்கினாலே மாதம் ஐந்தாறாயிரம், நல்ல தரத்தில் பத்தாயிரத்தைத் தொடும். வீட்டில் சமைத்துப் போட்டால் குறையும், ஆனால் வீட்டில் சமைப்பது என்றால் கறியும் முட்டையும் காய்கறியும் சேர்த்து அளவாகச் சமைப்பது. தயிர்சாதத்தை ஒரு அண்டா கிளறி வைத்துவிட்டு "நல்லாத்தான் சாப்பிடுது" என்றால், அது வயிற்றை நிரப்புகிறது, அவ்வளவுதான்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது கால்சியம் டானிக் விஷயத்தில். பெரிய எலும்பு, நிறைய கால்சியம் வேண்டும் என்று குட்டிக்குப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறார்கள். நல்ல குட்டித் தீனி சாப்பிடுகிற பெரிய இனக் குட்டிக்கு அது தேவையே இல்லை, கெடுதலும்கூட. வளர்ந்த நாயின் குடல் வேண்டாத கால்சியத்தை விட்டுவிடும். சில மாதக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது, கொடுத்ததையெல்லாம் உறிஞ்சும். எலும்பு தாறுமாறாக வளர்ந்து கால் கோணும், மூட்டு கெடும். காசு கொடுத்து வாங்கிய கோளாறு அது.

சரி, இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் நம்பிக்கைக்கு வருகிறேன். "நல்ல பிளட்லைன் டாக்டர், பேப்பர் இருக்கு, அதனால நோய் நொடி வராதுன்னு சொன்னாங்க."

யார் சொன்னார்கள்? விற்றவர் சொன்னார். அந்தக் கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பரை எடுத்து ஒரு முறை படியுங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், தாத்தா பாட்டி பெயர் இருக்கும். பரம்பரையைப் பதிவுசெய்வதுதான் அந்தச் சான்றிதழின் வேலை. அந்த அப்பாவின் இடுப்பு மூட்டு எப்படி இருந்தது, அம்மாவின் இதயம் எப்படித் துடித்தது என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? குட்டியின் விலையை நிர்ணயிப்பது நிறம், தலையின் அகலம், அந்த வருஷம் எந்த இனத்துக்கு மவுசு என்பது. ஆரோக்கியம் அந்தக் கணக்கில் வருவதே அபூர்வம். போதாக்குறைக்கு, தூய இனம் என்றாலே ஒரு சின்ன வட்டத்துக்குள் திரும்பத் திரும்ப இணை சேர்த்தது என்றுதான் பொருள். இடுப்பு மூட்டு விலகல் ஜெர்மன் ஷெப்பர்டிலும் லேப்ரடாரிலும் ராட்வீலரிலும் அடிக்கடி தலைகாட்டுவது தற்செயல் அல்ல. நாற்பதாயிரத்துக்கு வாங்கினாலும் நாலாயிரத்துக்கு வாங்கினாலும் மூட்டு மூட்டுதான். விலை அதிகம் கொடுத்ததால் பராமரிப்புச் செலவு குறையும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. ராட்வீலர் குட்டிகளுக்கு பார்வோ என்ற வைரஸ் வயிற்றுப்போக்கு வந்தால் மற்ற இனங்களைவிட மோசமாகப் படுத்தும் என்பதை எந்த விற்பனையாளரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

பேப்பரைக் கேட்கிற நேரத்தில் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். தாய் நாயை நேரில் பாருங்கள், நடக்கவிட்டுப் பாருங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாள் குட்டியை பைக் டேங்கில் உட்காரவைத்து என்னிடம் கொண்டுவருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது, ராத்திரி பதினோரு மணிக்கு வரும் செலவு. கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி அப்படியே முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, நுரை மட்டும் ஒழுகும். வயிற்றைத் தட்டினால் மத்தளம் மாதிரி கேட்கும். படுக்காமல் உலாத்திக்கொண்டே இருக்கும். இந்த அறிகுறிகளைக் கண்டால் ஓமத் தண்ணீர் ஊற்றுவது, வாயு மாத்திரை கொடுப்பது, காலையில் பார்க்கலாம் என்று படுப்பது எதுவும் வேண்டாம். கிளம்புங்கள், வழியிலிருந்தே போன் செய்யுங்கள். சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்காது. தனியார் மருத்துவமனையில் அரை லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். சாப்பாட்டை ஒரே வேளையில் குவித்து வைக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள், சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள். கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றின் உள்சுவரோடு தைத்துவிடச் சொல்லியும் கேட்கலாம். முறுக்கிக்கொள்வதைப் பெரும்பாலும் அது தடுத்துவிடும்.

வலிக்கிறது என்று வீட்டிலிருக்கும் டைக்ளோஃபினாக்கைக் கொடுக்காதீர்கள். வயிற்றில் புண்ணாகி, கறுப்பாக மலம் போய் வருகிற நாய்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஐந்து ரூபாய் மாத்திரைக்கு இருபதாயிரம் ரூபாய் சிகிச்சை.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவை இந்த மண்ணுக்குப் பொருந்தாது என்று 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையே பட்டியல் போட்டது. ஏற்கெனவே வளர்க்கிறவர்கள் ஏசி கரண்ட் பில்லையும் நாயின் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். ராஜபாளையமும் பெரிய நாய்தான், வெயிலைத் தாங்கும். ஆனால் சும்மா கிடைக்கிறதே என்று அதை எடுப்பவர்களும் யோசிக்கட்டும். காது கேளாமை அந்த வெள்ளை நாய்களில் உண்டு, எடுக்கும்போதே கைதட்டிப் பாருங்கள். எடைக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

எழுதாமல் விட்டவையும் இருக்கின்றன. ஊருக்குப் போனால் போர்டிங்கில் பெரிய நாய்க்குத் தனிக் கட்டணம். ஆட்டோக்காரர் ஏற்ற மாட்டார், கார் வேண்டும். பத்து வயது லேபை மாடியிலிருந்து தினம் இரண்டு முறை தூக்கி இறக்க வீட்டில் இரண்டு பேர் இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுப்பதானால் பரம்பரை நோய்களை விலக்கியிருக்கிறார்களா, எந்த வயதோடு நிறுத்துகிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் வாங்கவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். மூன்று மாதம், மாதம் பன்னிரண்டாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். வீட்டில் யாருக்கும் சிரமம் தெரியவில்லையென்றால் குட்டியைப் பற்றிப் பேசலாம். அந்தச் சேமிப்பைத் தொடாமல் அவசரச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு முடியவில்லை என்பவர்களுக்கு, திட்டாமல் சொல்கிறேன். சிகிச்சையை நிறுத்துவதற்கு முன் என்னிடமோ உங்கள் மருத்துவரிடமோ பணம் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. எந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாம், எதைக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். சென்னையில் வேப்பேரி, மற்றபடி நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு, வரிசையில் நிற்கத்தான் வேண்டும். வளர்க்கவே முடியாது என்றாலும் சொல்லுங்கள், வேறு வீடு தேட அவகாசம் கொடுங்கள். பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள். வீட்டுச் சோற்றையே தின்று வளர்ந்த 50 கிலோ நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது.