தட்டினால் பதில் சொல்லும் பாய்லர்

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ஊட்டி மலை ரயில், கல்லாறு தாண்டியதும் வேறு மாதிரி மூச்சு வாங்கும். அங்கிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் ஒரு மீட்டர் அகலப் பாதையின் நடுவே பல் வைத்த தண்டவாளம், அதைக் கவ்வி ஏற எஞ்சினுக்கு அடியில் பல்சக்கரம். நீராவி உள்ளே புகுந்து தள்ளும் உருளைகளான சிலிண்டர்கள் நான்கில், கீழ் சிலிண்டர்கள் இரண்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. அங்கே வேலை முடித்த நீராவியை வீணாக்காமல் மேல் சிலிண்டர்கள் இரண்டுக்கும் அனுப்பினால் பல்சக்கரம் சுற்றும்.

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த இந்த 'எக்ஸ்' வகை எஞ்சின்களில் கடைசியாக வந்தவை 1952-ஐச் சேர்ந்தவை. பெரிய பழுது என்றால் திருச்சி பொன்மலைப் பணிமனைக்குத்தான் போக வேண்டும். அங்கே எஞ்சினைக் கழற்றிப் போட்டால் முதலில் பார்க்க வேண்டியது பாய்லர். மற்றதெல்லாம் தேய்ந்தால் ரயில் நிற்கும், அவ்வளவுதான். பாய்லர் போனால் ஆளே போய்விடும்.

நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸைச் சுற்றி (தீப்பெட்டி என்று எழுதினால் பீடி பற்றவைக்கும் நினைப்பு வரும்) தண்ணீர், அதற்கு வெளியே இன்னொரு தகடு. இரண்டு தகடுகளும் அழுத்தத்தில் பிதுங்காமல் இருக்க, நடுவே நூற்றுக்கணக்கில் 'ஸ்டே' எனும் இரும்புக் கம்பிகள். உள்தகடு அதிகம் சூடாவதால் அதிகம் விரியும். வெளித்தகடு அந்த அளவு விரியாது. நடுவில் மாட்டிய ஸ்டே, நெருப்பு மூட்டும்போதும் அணைக்கும்போதும் மயிரிழை வளையும். வருடக்கணக்கில் வளைந்தால் ஒருநாள் உள்ளுக்குள்ளேயே விரியும் கீறல், கண்ணுக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்கச் சின்னச் சுத்தியல் போதும். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே வேலை. நல்ல ஸ்டே 'டிங்' என்கும், உடைந்தது 'டொக்' என்கும். ஸ்டேயின் வெளிமுனையிலிருந்து ஊசி போல ஒரு துளை போட்டு வைப்பதும் உண்டு. கீறல் துளையை எட்டியதும் நீராவி சீறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாய்லரை ஒட்டுப்போட்ட பிறகு சோதனை. நீராவி கிடையாது, தண்ணீரை முட்ட நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாகப் பம்ப் செய்வார்கள். தண்ணீர் அமுக்கத்துக்கு இளகாது, அதனால் ஆற்றலையும் அதிகம் சேர்த்து வைக்காது. தகடு பிளந்தால் பீய்ச்சியடிக்கும், அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். நீராவியோடு பிளந்தால் கதை வேறு: உள்ளே கொதிநிலைக்கு மேல் அடக்கி வைத்த தண்ணீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் திறந்த வெளியில் 1,600 லிட்டருக்கு மேல் நீராவி!

பாய்லரின் ஸ்டேக்களைக் கெடுத்த அதே சூட்டு விரிவு, சக்கரத்துக்கு உதவுகிறது. சக்கரத்தின் மேல்வளையமான டயரும் எஃகுதான். தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியதை, சக்கரத்தைவிட ஒரு மில்லிமீட்டர் போலச் சின்னதாகவே கடைவார்கள். 800 மில்லிமீட்டர் வளையத்தை 250 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் விட்டம் ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் கூடும். சட்டென்று சக்கரத்தில் இறக்கி ஆறவிட வேண்டியதுதான். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

எல்லாம் பூட்டியாயிற்று என்றால் உடனே கொழுந்துவிட்டு எரிய விடக்கூடாது. குளிர்ந்த பாய்லருக்கு முதல் நெருப்பு மணிக்கணக்கில் கனன்றபடிதான் இருக்க வேண்டும்; அவசரப்பட்டால் புது ஸ்டேக்கள் முதல் நாளே அளவுக்கு மீறி வளைந்துவிடும்.