வயலில் நிற்கும் பழைய எண்ணெய்க் கிணறு: மூடும் செலவு யாருடையது?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் விவசாயிக்குச் சொந்தமாக இருப்பது பெரும்பாலும் மேல்நிலம் மட்டுமே. அடியில் கிடக்கும் எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பகுதி அரசுடையவை. உரிமம் பெற்ற நிறுவனம் கிணறு தோண்ட வந்தால் நிலத்துக்காரர் தடுக்க முடியாது. அவர் உடன்படாவிட்டாலும் தீர்ப்பாய உத்தரவோடு உள்ளே வரலாம். அவருக்குக் கிடைப்பது இழப்பீடும் ஆண்டு வாடகையும்தான். அதனால் கிணறு வற்றியபின் அதைச் சுத்தம் செய்யும் செலவில் ஒரு காசுகூட அவர் தலையில் விழக்கூடாது. சட்டமும் உரிமம் வைத்திருப்பவரைத்தான் கைகாட்டுகிறது. ஆனால் அந்த நாள் வரும்போது உரிமம் யார் கையில் இருக்கிறது, அவரிடம் பணம் இருக்கிறதா என்பதில்தான் சிக்கல்.

வாயில் சிமென்ட் கொட்டிவிட்டால் கிணறு மூடப்பட்டுவிடாது. எண்ணெய் வந்த அடுக்குக்குச் சற்று மேலே, கிணற்றின் சுவராக இறக்கியிருக்கும் கேசிங் என்ற இரும்புக் குழாய்க்குள் பிரிட்ஜ் பிளக் என்ற அடைப்பை இறக்கி, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, அதன்மேல் சிமென்ட் இட வேண்டும். அடுத்து, நிலத்தடி நன்னீர் இருக்கும் ஆழத்தில் கேசிங்குக்கு வெளியேயும் சிமென்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் குழாயைத் துளைத்து வெளிப்புறத்துக்குச் சிமென்டை அழுத்திச் செலுத்துவார்கள். பழைய கிணறுகளில் செலவு எகிறுவது இங்கேதான்: கேசிங் துருப்பிடித்திருக்கும், அன்று இட்ட சிமென்ட் மேலே வரை ஏறியிருக்காது, அந்த இடுக்கு வழியாக வாயு மேலே வரும். வெளிக்கேசிங்கிலிருந்து வாயு வெளியேறும் சிறு குழாயின் நுனியைத் தண்ணீரில் அமிழ்த்தி 10 நிமிடம் குமிழி வருகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. குமிழி வந்தால் காரணத்தைத் தேடிச் சரிசெய்யாமல் மூடக்கூடாது. எல்லாம் சரியானபின் தரைமட்டத்துக்குக் குறைந்தது 1 மீட்டர் கீழே குழாயை வெட்டி, மூடி பொருத்த வேண்டும்.

மண்ணில் எண்ணெயைவிட உப்புதான் பெரிய தலைவலி. எண்ணெயை நுண்ணுயிர்கள் காலப்போக்கில் சிதைக்கும். எண்ணெயோடு மேலே வரும் உவர்நீர் சிந்தினால் அதிலுள்ள சோடியம் அங்கேயே தங்கி, களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, நீர் இறங்காதபடி மேற்பரப்பை இறுகச் செய்யும். ஜிப்சம் இட்டால் சரியாகிவிடும் என்பார்கள். வடிகால் இருந்தால்தான் அது பலன் தரும். இல்லையென்றால் மண்ணை வெட்டி வெளியேற்றுவதுதான் வழி. பிறகு, இறுகிய அடிமண்ணை ஆழமாகக் கிளறிவிட்டுத்தான் மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் கலந்து, விளைச்சல் பல பருவங்களுக்குப் படுத்துவிடும்.

இத்தனைக்கும் பணம் தேவைப்படுவது கிணற்றில் வருமானம் நின்றபின். உற்பத்தி குறையக் குறையக் கிணறு பெரிய நிறுவனத்திடமிருந்து சிறிய நிறுவனத்துக்குக் கைமாறும்; கடைசியில் வாங்கியவர் திவாலாவார். 2015-இல் திவாலான ரெட்வாட்டர் நிறுவனத்தின் வழக்கில், நல்ல கிணறுகளை விற்றுக் கடன்காரருக்குக் கொடுத்துவிட்டு, மோசமானவற்றைக் கைகழுவ முயன்றார்கள். 2019 ஜனவரி 31 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது: திவாலானாலும் மூடும் கடமை போகாது. நல்ல தீர்ப்புதான். ஆனால் சொத்தே மிஞ்சாத இடத்தில் அது எதை மீட்டுத் தரும்?

ஆல்பர்ட்டாவில் உரிமையாளரற்ற கிணறுகளை ஆர்ஃபன் வெல் அசோசியேஷன் என்ற அமைப்பு, தொழில்துறையிடம் வசூலிக்கும் கட்டணத்தைக் கொண்டு மூடுகிறது. 2020-இல் மத்திய அரசு மூன்று மாகாணங்களுக்கு ஒதுக்கிய 170 கோடி கனடிய டாலரில், 100 கோடி வரை ஆல்பர்ட்டாவுக்கு வந்தது. அந்த 100 கோடித் திட்டத்தில், உரிமையாளர் உள்ள கிணறுகளின் வேலைக்கும் பொதுப்பணம் போனது. அவர்கள் செய்ய வேண்டிய செலவை மக்கள் செய்தார்கள். இதை ஏற்கவே முடியாது.

தோண்டும்போதே வைப்புத்தொகை வாங்குவதுதான் சரி; அதுவும் உண்மைச் செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி நிலங்களில் ஒரு குத்தகைக்கு 10,000 டாலர் என்று 1960-இல் வைத்த குறைந்தபட்சப் பிணைத்தொகை 2024 வரை மாறவே இல்லை. அந்த ஆண்டில்தான் 1,50,000 ஆக்கினார்கள். உரிமம் கைமாறும்போதும் வாங்குபவரிடம் மூடும் தொகை இருக்கிறதா என்று பார்த்தபின்னரே ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் தர வேண்டும்.

நிலத்துக்காரர்கள் வாடகை நின்றவுடன் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். ஆல்பர்ட்டாவில் மேல்நில உரிமைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. நிலம் சரியாக மீட்கப்பட்டது என்று உறுதிசெய்யும் சீரமைப்புச் சான்றிதழ் வரும்வரை வாடகை உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். கசிவு நடந்த தேதி, இடம், புகைப்படம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். கிணற்றடி மண்ணோடு, பக்கத்து வயலின் மண்ணையும் இப்போதே பரிசோதித்து வைத்துக்கொண்டால், உப்பு முன்பே இருந்தது என்று நாளை யாரும் வாதிட முடியாது.