பின்னல் பிரிந்ததற்கு முட்டை காரணமில்லை

நான் முதல் தடவை செய்த வீகன் (முட்டை, பால், வெண்ணெய் என்று விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத) பின்னல் பேஸ்ட்ரி ஓவனுக்குள் போகும்போது ஜம்மென்று இருந்தது. மூன்று புரி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஆப்பிள் பூரணம், மேலே சோயா பால் பூச்சு. இருபதாவது நிமிடம் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் இடது பக்கம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. பூரணம் தட்டில் வழிந்து கருகிக் கொப்பளிக்கிறது. ஆறவைத்து வெட்டியபோது இன்னொரு கூத்து. பூரணத்துக்கும் அதற்கு மேலே இருந்த மாவுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு குகை. பூரணத்துக்கு அடியில் இருந்த மாவோ வேகாத களி மாதிரி நொசநொசவென்று இருந்தது. "முட்டை போடாமல் செய்தால் இப்படித்தான்" என்று வீட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். நானும் நம்பினேன்.

அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிச் செய்து பார்த்ததில், முட்டைக்கும் அந்தக் குகைக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. தண்ணீர்தான் அத்தனையையும் செய்திருக்கிறது.

முட்டைக்குப் பதில் எதைப் போடுவது என்று தேடுவதைவிட, முட்டை அங்கே என்னென்ன வேலை பார்த்தது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. மாவை அதுதான் பிடித்து நிறுத்துகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த வகை மாவின் எலும்புக்கூடு கோதுமையிலேயே இருக்கிறது. பிசைந்த மைதா உருண்டை ஒன்றைத் தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிப் பாருங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும், அது ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. நாலைந்து தடவை தண்ணீர் மாற்றிய பிறகு கையில் மிஞ்சுவது சாம்பல் நிறத்தில் சூயிங்கம் போல இழுபடும் ஒரு பொருள். அதுதான் குளூட்டன். இத்தாலியின் போலோன்யா நகரைச் சேர்ந்த யாக்கோப்போ பெக்காரி என்ற அறிஞர் இப்படிக் கழுவிப் பிரித்தெடுத்ததைப் பற்றிய கட்டுரை 1745-இல் அச்சானது.

குளூட்டனில் இரண்டு புரதக் கூட்டங்கள் உண்டு. குளூட்டெனின் ரப்பர் போல இழுத்தால் திரும்பிவரப் பார்க்கும். கிளையடின் அசைந்து கொடுத்து நீளும். தண்ணீர் பட்டால்தான் இவை கைகோர்த்துக்கொள்ளும். பின்னலுக்கு இரண்டும் வேண்டும். நீளாவிட்டால் புரி அறுந்துபோகும், திரும்பாவிட்டால் துவண்டு தட்டையாகும்.

ஆக, முட்டை இல்லாததால் எலும்புக்கூடு ஒன்றும் போய்விடவில்லை. போனது மூன்று: எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் லெசித்தின், உள்ளே கிடைக்கும் மென்மை, மேலே வரும் நிறமும் பளபளப்பும். லெசித்தின் கதை வேடிக்கையானது. பிரெஞ்சு வேதியியலாளர் தியோடோர் கோப்லே முட்டை மஞ்சள் கருவிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு, மஞ்சள் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து 1850-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். இன்று உணவுத் தொழிலுக்குப் போகும் லெசித்தினில் பெரும்பகுதி சோயாவிலிருந்து வருகிறது. அதனால் தண்ணீருக்குப் பதில் சோயா பாலில் பிசைந்தாலே அந்த வேலை ஓரளவு நடந்துவிடும். கூடவே நூற்றுக்கு மூன்று கிராம் அளவில் புரதமும் வருகிறது. அது எங்கே உதவும் என்பதைப் பூச்சைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

மென்மைக்கு நான் நம்புவது கூழ் முறை. மொத்தம் 300 கிராம் மைதா என்றால் அதில் 20 கிராமை எடுத்து 100 மில்லி சோயா பாலில் கரைத்து, கரண்டி இழுத்த கோடு நிற்கும்வரை கிளறுவேன். வெப்பமானி வைத்துப் பார்த்தால் 65 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். அந்தச் சூட்டில் ஸ்டார்ச் மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போய், அதைத் தமக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதை ஆறவைத்து மீதி 280 கிராம் மைதா, 85 மில்லி சோயா பால், 40 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சேர்த்துப் பிசைய வேண்டும். தண்ணீர்ச் சத்து தாராளமாக இருந்தும் கையில் ஒட்டாத மாவு கிடைக்கும். முட்டை இல்லாமலே இரண்டு நாள் மெத்தென்று இருக்கும்.

சர்க்கரையை இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள். ஈஸ்ட் செல் சர்க்கரையைத் தின்னும் என்பது சரி, ஆனால் அதிகமானால் அதே சர்க்கரை செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். இதில் ஈஸ்ட் தனக்குத்தானே ஒரு வினையும் வைத்துக்கொள்கிறது. நம் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறையும் அதன் இன்வெர்டேஸ் நொதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைத்துவிடுகிறது. மூலக்கூறுகள் இரட்டிப்பானால் தண்ணீரை இழுக்கும் விசையும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இனிப்பு மாவு பொங்குவதற்கு அதிக நேரம் எடுப்பதன் ரகசியம் இதுதான். ஈஸ்ட் செத்துவிட்டதோ என்று பதறாமல் இன்னும் அரை மணி நேரம் விட்டால் சரியாகிவிடும்.

வெண்ணெய் விஷயம்தான் உண்மையிலேயே சிக்கலானது. வெண்ணெயின் பலம் அதன் ருசியில் மட்டும் இல்லை. அறை வெப்பத்தில் அது பாதி திடம், பாதி திரவம். அதற்குள் இருக்கும் நுண்ணிய கொழுப்புப் படிகங்கள் மாவிலுள்ள வாயுக் குமிழிகளின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஓவனில் அவை உருகும்போது சுவர் கிழியாமல் இன்னும் விரிய இடம் கிடைக்கிறது. நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஊற்றினால் மென்மை வரும், ஆனால் படிகம் கிடையாது. அதனால் பொங்குவது ஒரு பிடி குறையும். 'தேங்காய் எண்ணெய்தான் உறையுமே' என்று நானும் குறுக்குவழி பார்த்தேன். அது 24 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. மாவு பொங்க வைக்கும் இடம் 27, 28 டிகிரி. அங்கே அதுவும் வெறும் எண்ணெய்தான். ஃப்ரிட்ஜில் வைத்தாலோ கல்லாக இறுகி, மாவை விரிக்கும்போது சில்லுச் சில்லாக உடைந்து புரியைக் குத்திக் கிழிக்கிறது.

எனவே 45 கிராம் கெட்டி மார்ஜரின், அதாவது தாவர எண்ணெயில் செய்யும் வெண்ணெய் மாற்று. மாவு ஓரளவு இழுபட ஆரம்பித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவுத் துகள்களைப் போர்த்திக்கொண்டு, புரதத்துக்குத் தண்ணீர் போகவிடாது. வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். சில மார்ஜரின்களில் பால் பொருள் இருக்கும். இப்போலித் மேஜ்-மூரியே 1869-இல் பிரான்சில் மார்ஜரினைக் கண்டுபிடித்தபோது மாட்டுக் கொழுப்பையும் பாலையும் வைத்துத்தான் செய்தார். வீகன் சமையலின் உற்ற துணைக்கு இப்படி ஒரு பூர்வீகம்!

மாவு இரட்டிப்பாகப் பொங்கியதும் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 35 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலத்துக்கு விரிக்க வேண்டும். கையை எடுத்ததும் சுருங்கும். பலம் காட்டி மறுபடி இழுத்தால் இன்னும் முறைத்துக்கொள்ளும். மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். குளூட்டன் இழைகள் தமக்குள் பிடியைத் தளர்த்தி, புது நிலைக்குப் பழகிவிடும். அப்புறம் சொன்னபடி கேட்கும். இதைச் செய்யாமல் முறுக்கேறிய புரிகளைப் பின்னினால், சூடு பட்டதும் அவை பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். விளிம்பு அங்கேதான் திறக்கும்.

பூரணத்தை நடுவில் மட்டும் வைத்து, ஓரத்தில் ஒன்றரை செ.மீ. விட்டு, அந்த ஓரத்தை ஈர விரலால் ஒரு தடவை தடவி மடித்துக் கிள்ளி ஒட்ட வேண்டும். ஈரம் பட்ட மாவோடு மாவு சேர்ந்தால் குளூட்டன் தைத்துக்கொள்ளும். நடுவே பூரணத்தின் பாகோ எண்ணெயோ ஒரு துளி பட்டாலும் தையல் விழாது. என் இடது புரி வாய் பிளந்ததற்கு இது பாதிக் காரணம். அந்த ஓரத்தில் பாகு பட்டிருந்தது, துடைக்கச் சோம்பல்.

பின்னுவது தலை பின்னுகிற மாதிரிதான்: இடது புரி நடுவுக்கு, வலது புரி நடுவுக்கு. நடுவிலிருந்து தொடங்கி இரண்டு முனைக்கும் பின்னினால் இழுவிசை சீராக இருக்கும். கணிதத்தில் பின்னலுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. எமில் ஆர்ட்டின் 1925-இல் அதற்கு அடித்தளம் போட்டார். ஆறு தடவை மாற்றிப் போட்டால் மூன்று புரியும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அந்த நேரத்தில் முனைகளை வளைத்து அதனதன் தொடக்கத்தோடு ஒட்டினால் மூன்று வளையங்கள் கிடைக்கும். அவற்றில் எந்த இரண்டும் ஒன்றோடொன்று கோத்திருக்காது, ஆனால் மூன்றையும் பிரிக்க முடியாது. ஒன்றை அறுத்தால் மற்ற இரண்டும் தானாகக் கழன்றுவிடும். என் தட்டில் நடந்தது ஞாபகம் வந்தது. ஒரு புரி வெடித்ததும் பக்கத்துப் புரிகள் ஏன் பிடிப்பு விட்டன என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது. இறுக்கிப் பின்னுவதும் கூடாது. புரிகள் இன்னொரு தடவை பொங்க இடம் வேண்டும்.

இப்போது குகைக்கு வருவோம். ஆப்பிளில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். பச்சையாக நறுக்கிச் சர்க்கரை தூவி உள்ளே வைத்தால், சர்க்கரை பழத்திலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துப் பாகாக்கும். பாகு அடிமாவை ஊறவைக்கும். ஓவனில் அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது விவகாரம் முற்றுகிறது: ஒரு கிராம் தண்ணீர் 100 டிகிரியில் ஏறக்குறைய 1.7 லிட்டர் நீராவி ஆகிறது. ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து கிராம், முழுக்க ஆவியானால் எட்டு லிட்டருக்கு மேல்! அவ்வளவும் ஆவியாவதில்லைதான். ஆனால் இன்னும் இறுகாத மேல் மாவைக் கூடாரம் போலத் தூக்குவதற்கு அதில் ஒரு துளி போதும். மாவு தூக்கிய நிலையிலேயே வெந்து இறுகிவிடும். பூரணமோ தண்ணீர் போனதும் சுண்டி உட்கார்ந்துவிடும். நடுவில் மிஞ்சுவது குகை.

எனவே பூரணத்தை அடுப்பிலேயே சுண்டவைக்க வேண்டும். 300 கிராம் ஆப்பிள், 60 கிராம் சர்க்கரை. நன்றாக வற்றியதும் 8 கிராம் கார்ன்ஃப்ளாரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொதி வரும்வரை கிளற வேண்டும். அதன் ஸ்டார்ச் ஊதி கெட்டியாக 70 டிகிரிக்கு மேல் சூடு தேவை. எலுமிச்சைச் சாறு விடுவதாக இருந்தால் இறக்கியபின். புளிப்போடு சேர்த்து நெடுநேரம் கொதித்தால் ஸ்டார்ச் உடைந்து, கெட்டியானது மறுபடி நீர்த்துவிடும். பதம் வந்ததா என்று தெரிய, டிஷ்யூ பேப்பரில் ஒரு கரண்டி வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். சுற்றிலும் ஈர வளையம் பரவினால் இன்னும் ஆகவில்லை. பிறகு முழுசாக ஆறவிட வேண்டும். சூடாக வைத்தால் பக்கத்து மாவில் உள்ள கொழுப்பு உருகும், அங்கே மட்டும் ஈஸ்ட் தலைதெறிக்க வேலை செய்யும்.

பேரீச்சம்பழ விழுதில் இந்தத் தொல்லை குறைவு. சாக்லேட் பூரணத்தில் தண்ணீரே அநேகமாக இல்லை, ஆனால் கொழுப்பு மாவை ஒட்டவிடாது.

பின்னியதை முக்கால் மணி நேரம் பொங்கவிட்டு, 180 டிகிரியில் அரை மணி நேரம். உள்ளே நடப்பது வரிசைக்கிரமமானது. மாவு சூடேற ஏற முதலில் ஈஸ்ட் வெறிபிடித்தாற்போல வேலை செய்யும். 55, 60 டிகிரியில் இறந்துவிடும். அதற்குப் பிறகும் மாவு ஏறுவது கரைந்திருந்த கரியமில வாயுவும் ஆல்கஹாலும் நீராவியும் விரிவதால். பிறகு ஸ்டார்ச் வெந்து, குளூட்டன் இறுகி, வடிவம் நிலைத்துவிடும். மாவின் உட்பகுதி 90 டிகிரி தொட்டால் வெந்தாயிற்று. வெப்பமானியைப் பூரணத்தில் குத்தாதீர்கள், அது சொல்வது வேறு கணக்கு.

நிறம் வருவது மேல்தோலில் மட்டும், 140 டிகிரி தாண்டி. புரதத்தின் அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சேர்ந்து பழுப்பாகும் இந்த வினையை லூயி கமில் மயார் 1912-இல் விவரித்தார். 'சில வகை' என்பதுதான் இங்கே முக்கியம். பாலில் இருக்கும் லாக்டோஸ் இதற்குத் தோதானது. ஈஸ்ட்டால் அதைத் தின்னவும் முடியாது என்பதால் மொத்தமும் நிறத்துக்கே மிஞ்சும். சோயா பாலில் லாக்டோஸ் கிடையாது. அதில் சாதா சர்க்கரையைக் கரைத்துப் பூசினாலும் பலன் கொஞ்சம்தான். சாதா சர்க்கரை உடைந்தால்தான் இந்த வினையில் கலந்துகொள்ளும். மேப்பிள் சிரப்பிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். நான் இரண்டு மேஜைக்கரண்டி சோயா பாலில் ஒரு டீஸ்பூன் பேரீச்சம்பழப் பாகு கலக்கிறேன். அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தனித்தனியாகவே இருக்கின்றன, புரதத்துக்குச் சோயா இருக்கிறது. அந்த மூன்று கிராம் புரதம் கைகொடுப்பது இங்கேதான். பின்னியதும் ஒரு தடவை, ஓவனில் வைக்குமுன் ஒரு தடவை பூச வேண்டும். பொங்கும்போது புரிகளுக்கு நடுவே புதிதாக வெளியே வரும் மாவுக்கு முதல் பூச்சு எட்டியிருக்காது. அந்த இடம் வெள்ளையாக நின்றுவிடும். முட்டையின் பளபளப்பு மட்டும் இதில் வராது. அதற்கு, வெளியே எடுத்த சூட்டோடு சர்க்கரைப் பாகை மெல்லத் தடவினால் தண்ணீர் பறந்து கண்ணாடிப் படலம் நிற்கும்.

மறுநாளைக்கு மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைக்காமல் டப்பாவில் மூடி வெளியே வையுங்கள். பழப் பூரணம் என்றால் அந்த ஒரு நாளோடு முடித்துவிட வேண்டும். வெந்த ஸ்டார்ச் மூலக்கூறுகள் மறுபடி அடுக்கடுக்காக இறுகுவதுதான் ரொட்டி விறைப்பது. 4 டிகிரியில் அது வேகமாக நடக்கும். விறைத்த துண்டைப் பத்து நிமிடம் சூடாக்கினால் அந்த அடுக்குகள் குலைந்து மறுபடி மெத்தென்று ஆகும். ஆனால் சூட்டோடு தின்றுவிடுங்கள். இரண்டாவது முறை ஆறியதும் முன்னைவிடக் கடினமாகிவிடும், ஏனென்றால் இந்த முறையும் கொஞ்சம் தண்ணீர் போயிருக்கும்.