136-க்கும் 140-க்கும் நடுவே

பாபநாசத்திலிருந்து சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஏறும் மலைப்பாதையில்தான் கார் இன்ஜின் எனக்குப் புரிய ஆரம்பித்தது. சித்தப்பாவின் பழைய பெட்ரோல் கார். உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறையப் பொங்கல் பாத்திரங்கள். ஒரு வளைவில் மூன்றாவது கியரிலேயே மிதித்தேன். வண்டி முனகியதே தவிர ஏறவில்லை. "செகண்டுக்கு வால, வண்டி திணறுது பாரு" என்றார் சித்தப்பா. கியரைக் குறைத்ததும் இன்ஜின் அலறியது, வண்டி ஏறியது.

ஜப்பானின் வேகமான சின்னக் கார்களில் பழைய தலைமுறைக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் அந்தத் திணறலில் இருக்கிறது. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். நம் தெருக்களில் ஓடும் ஸ்விஃப்டின் முரட்டு அண்ணன், இங்கே விற்பனைக்கு வராதவன். 2011-இல் ஜப்பானில் வந்ததற்கு டர்போ இல்லாத 1.6 லிட்டர் இன்ஜின், 136 குதிரைத்திறன். 2017-இல் வந்ததற்கு 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத்திறன். ஆறு வருஷத்தில் வெறும் நாலு குதிரையா என்று தோன்றும்.

சக்கரத்தைத் திருகும் பலம் முறுக்குவிசை. மெக்கானிக்குகள் 'இழுவை' என்பார்கள். அதை இன்ஜின் சுழலும் வேகத்தோடு பெருக்கினால் வருவதுதான் குதிரைத்திறன். பழைய இன்ஜினின் உச்ச இழுவை 160 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 4400 சுற்றில். புதியது 2500 சுற்றிலேயே 230 தருகிறது. கணக்குப் போட்டால் அந்த 2500 சுற்றில் புதியதன் கையில் சுமார் 82 குதிரைகள். பழையது என்ன முயன்றாலும் 57-ஐத் தாண்டாது. மேட்டு வளைவில் நம் இன்ஜின் பெரும்பாலும் இருப்பது இந்தச் சுற்றில்தான். எடையும் 1050 கிலோவிலிருந்து 970-க்கு இறங்கியிருக்கிறது.

பழைய வழியின் சிகரம் 1997-இன் ஹோண்டா சிவிக் டைப் ஆர். அதுவும் 1.6 லிட்டர்தான், உச்ச இழுவை அதே 160. ஆனால் அதை 7500 சுற்றில் தந்ததால் 8200 சுற்றில் 185 குதிரைத்திறன் வந்தது. வேகம் கூடும்போது வால்வுகளை அதிகமாகவும் நீண்ட நேரமும் திறக்க இன்னொரு கேம் (சுழன்று வால்வைத் தள்ளித் திறக்கும் மேடு) அதில் இருந்தது. இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் வேலைப்பாடு.

சரி, சின்ன இன்ஜினுக்கு இவ்வளவு இழுவை எப்படி வந்தது? பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். டர்போ இல்லாத இன்ஜின் தானே உறிஞ்சிக்கொள்ளும் காற்றோடு நின்றுவிடும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பணகுடிப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். டர்போவுக்குள்ளும் ஒரு குட்டிக் காற்றாலை இருக்கிறது. சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகைதான் அதைச் சுழற்றும் காற்று. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம், கொல்லன் துருத்தி போல, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும்.

சிக்கல் சூடுதான். அழுத்திய காற்று சூடாகும், பெட்ரோல் தானே வெடித்து இன்ஜின் 'நாக்' அடிக்கும். அதற்கு முதலில், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். அப்புறம் நேரடித் தெளிப்பு: பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகித் தண்ணீரைக் குளிர வைப்பது போல, ஆவியாகும் பெட்ரோல் உள்ளிருக்கும் காற்றைக் குளிர வைக்கும். டர்போவின் சக்கரமும் சிறியது, எடை குறைந்தது என்பதால் சீக்கிரமே சுழன்றுவிடும். பழைய டர்போக்களில் மிதித்த பிறகு வந்த அந்தக் காத்திருப்பு இதனால் வெகுவாகக் குறைந்துவிட்டது.

சொரிமுத்து அய்யனாரைப் பார்க்கப் போவதென்றால் நான் புதியதைத்தான் எடுப்பேன், செகண்டுக்கு வரச்சொல்லி யாரும் சத்தம் போட வேண்டியிருக்காது. ஆனாலும் அது 5500 சுற்றிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. பழையது 6900 வரை, மிதிக்க மிதிக்க, இன்னும் இன்னும் என்று ஏறிக்கொண்டே போகும்.