ஓ.எம்.ஆரில் வேலை, வீடு எங்கே? தண்ணீரை விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) தரமணியிலோ சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ வேலை கிடைத்துச் சென்னைக்கு வருகிறவர்கள் செல்போனில் மேப்பைத் திறந்து, அலுவலகத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் என்ன வீடு கிடைக்கும் என்று தேடுகிறார்கள். தென்சென்னைக் கடலோரத்தில் இந்தக் கணக்கு சரிவராது. அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு கால்வாய் குறுக்கே கிடக்கிறது, ஒரு சதுப்புநிலம் படுத்திருக்கிறது, மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாய் வராத தெருக்களும் இருக்கின்றன. இந்தப் பகுதியில் வீடு பார்த்துக் கொடுப்பவர்களும் கட்டடப் பராமரிப்பு செய்பவர்களும் தங்களுக்கென்று வீடு தேடும்போது தூரத்தை இரண்டாவதாகத்தான் பார்ப்பார்கள். இந்தத் தெருவுக்குக் குடிக்கத் தண்ணீர் எப்படி வருகிறது, பெய்த மழை எப்படி வெளியேறுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

மழை போகும் வழி

கடற்கரையிலிருந்து மேற்கே நடந்தால் நிலத்தின் அமைப்பு புரிந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) போவது மணல்மேட்டின்மேல். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் எல்லாம் அந்த மேட்டில் இருப்பவை. பெய்யும் மழையில் பெரும்பங்கை மணலே குடித்துவிடும். அடுத்து பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டி ஓ.எம்.ஆர்., அதற்கும் மேற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம். சுமார் 1,248 ஹெக்டேர் சதுப்புநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காட்டுக் கழிமுகம் வரை போய்த்தான் கடலைப் பார்க்கிறது.

இவ்வளவு தண்ணீருக்கும் வாசல் அநேகமாக அது ஒன்றுதான். புயல் நேரத்தில் கடல் பொங்கிக் கழிமுகத்தில் எதிர்த்து நின்றால் கால்வாய் மெதுவாகத்தான் வடியும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மழை நின்ற பிறகும் தண்ணீர் நின்றது இதனால்தான். கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றுகொள்வதைச் செய்தியில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அந்தக் கார்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தவை என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு தேடும் வேலை பாதி முடிந்த மாதிரி.

பெரும்பாலும் வீடு பார்ப்பது ஏப்ரல், மே மாதங்களில். தெரு காய்ந்து கிடக்கும், சுவரில் புதுப் பெயின்ட் மின்னும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. ஆகவே மழையைப் பார்க்காமலே மழையின் தடயத்தைத் தேட வேண்டும். வீட்டுச் சுவரைப் பார்த்துப் பயனில்லை, அதற்குத்தான் பெயின்ட் அடித்துவிட்டார்களே. எதிர்வீட்டு காம்பவுண்டுச் சுவர், காலி மனையின் சுவர், தெருமுனை ஈபி பெட்டி ஆகியவற்றில் பழுப்புக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீடுகள் மட்டும் தெருவைவிட மூன்று நான்கு அடி உயர்ந்திருந்தால், கட்டியவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று பொருள். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, பழைய வீட்டு வாசல் பள்ளமாகிப் போயிருந்தால் சாதாரண மழைக்கே முற்றத்தில் தண்ணீர் வரும்.

பேச்சு கொடுப்பதானால் புரோக்கரிடமும் ஹவுஸ் ஓனரிடமும் வேண்டாம். தெருமுனையில் இஸ்திரி போடுபவர், பால் பூத் வைத்திருப்பவர், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள் ஆகியோரைக் கேளுங்கள். “தண்ணி நிக்குமா?” என்று கேட்டால் “இல்ல சார்” என்றே பதில் வரும். “மிக்ஜாம்ல எதுவரைக்கும் நின்னுச்சு, எத்தனை நாள்ல வடிஞ்சுது, கரன்ட் எப்போ வந்துச்சு?” என்று கேளுங்கள். முழங்காலா இடுப்பா என்று கையால் காட்டுவார்கள்.

ஊர்ப் பெயரும் பேசும். தாங்கல், மடுவு, ஏரி என்று முடியும் இடங்கள் சும்மா அந்தப் பெயரைப் பெறவில்லை. அப்பார்ட்மெண்ட் பெயரில் ‘லேக் வியூ’ இருந்தால், ஏரியைப் பார்க்கும் வீடா, ஏரிக்குள் இருக்கும் வீடா என்பதையும் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

‘நமக்கு மூன்றாவது மாடிதானே’ என்று நினைக்க வேண்டாம். வெள்ளம் மாடிக்கு வராது. ஆனால் கீழே இருப்பவை எல்லாம் போய்விடும். தூண்களுக்கு இடையே வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்தில் (ஸ்டில்ட் பார்க்கிங்) மீட்டர் போர்டு இடுப்பளவு உயரத்தில் இருந்தால், தண்ணீர் வந்ததும் கட்டடம் முழுவதற்கும் கரன்ட்டை நிறுத்துவார்கள். கரன்ட் இல்லையேல் மோட்டார் ஓடாது, மாடித் தொட்டி ஒரு நாளில் காலியாகும். சம்ப் என்னும் தரையடித் தொட்டியின் மூடி விளிம்பு தரையோடு தரையாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அப்படி இருந்தால் தெருவில் ஓடும் சாக்கடை முதலில் இறங்குவது நீங்கள் குளிக்கும் தண்ணீரில்தான். விளிம்பு ஒரு அடியாவது உயர்த்திக் கட்டியிருக்க வேண்டும். ஜெனரேட்டர் எந்த உயரத்தில் நிற்கிறது, லிஃப்ட் குழியில் தண்ணீர் ஊறிய தடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பாதாள சாக்கடை இல்லாத தெருக்களும் இங்கே உண்டு. பெருங்குடி, சோழிங்கநல்லூர் மண்டலங்கள் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. நாவலூர், படூர், தாழம்பூர், கேளம்பாக்கம் பக்கம் போனால் மாநகராட்சியே கிடையாது. செப்டிக் டேங்க் உள்ள கட்டடத்தில், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறியதும் டேங்க் வடியாமல் தரைத்தளக் கழிவறை எதிர்த்துக்கொண்டு வரும். கழிவுநீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, செலவு யார் தலையில் என்று கேட்டு வையுங்கள்.

தண்ணீர் வரும் வழி

வீட்டில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டும். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். மெட்ரோ வாட்டரா, போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரா, லாரியா? மூன்றும் கலந்து ஒரே சம்ப்பில் விழும் கட்டடங்களும் உண்டு.

லாரி என்றால் கணக்குப் போடுங்கள். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுபவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. வீட்டுக்கு நான்கு பேர் வீதம் 12 வீடுகள் என்றால் நாளைக்கு 6,480 லிட்டர். ஒரு 12,000 லிட்டர் லாரி இரண்டு நாளைக்குக்கூட முழுசாக வராது. மாதத்துக்கு 16 லாரி ஆகும், அதாவது வீட்டுக்கு ஒன்றேகால் லாரிக்கு மேல். கோடையில் லோடு விலை ஏறும், மெயின்டனன்ஸும் கூடவே ஏறும். அதனால் ‘மெயின்டனன்ஸ் எவ்வளவு’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். போன மே மாதத்து மெயின்டனன்ஸ் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். 2019 கோடையில் இந்தச் சாலை முழுக்க லாரிக்குக் காத்திருந்தது. அதன் பிறகு நெம்மேலியில் நாளொன்றுக்கு 150 மில்லியன் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை 2024-இல் வந்தது. ஆனாலும் தெருவில் குழாய் பதித்து, வீட்டுக்கு இணைப்பும் எடுத்திருந்தால்தான் அந்த நீர் உங்களுக்கு. ஓனரிடம் மெட்ரோ வாட்டர் கட்டண ரசீதைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

போர் தண்ணீருக்கு, கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. லாரித் தண்ணீர் கலந்த தொட்டியில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். மோட்டாரைப் போடச் சொல்லி, போரிலிருந்து நேராக வரும் நீரைப் பிடித்து அளக்க வேண்டும்.

ஈ.சி.ஆர். மணலில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஆழமாகத் தோண்டிய போரில் அல்ல. அங்கே மழைநீர், கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. திருப்பிச் சொன்னால், உறிஞ்சி உறிஞ்சி மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். எனவே பத்து வருடம் முன்பு இனித்த கிணற்றைப் பற்றிப் பழைய குடித்தனக்காரர் சொல்லும் சான்றிதழ் இன்றைக்குச் செல்லாது.

உப்புக்காற்று வாங்கும் கப்பம்

கடலிலிருந்து நாலைந்து தெருவுக்குள் வீடு என்றால் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் உப்பு எல்லாவற்றையும் தின்னும். பால்கனிக்கு அடியில் நின்று மேலே பாருங்கள். கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா? உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். மேலே பூச்சு பூசி மறைத்திருந்தால், தட்டிப் பார்க்கும்போது பொத்தென்று சத்தம் கேட்கும். படுக்கையறை ஃபேன் கொக்கியை அவசியம் பார்க்க வேண்டும். அது துருவேறி மெலிந்திருந்தால் மாற்றித் தராமல் அங்கே குடியேறாதீர்கள். ஏ.சி. வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் உதிர்ந்தால் குளிர்ச்சி குறையும், செப்புக் குழாயில் துளை விழுந்தால் கேஸ் போகும். ஓனர் வைத்த ஏ.சி. என்றால் பழுதுச் செலவு யாருடையது என்பது அக்ரிமென்ட்டில் ஒரு வரியாக இருக்கட்டும்.

பாலமும் யூ-டர்னும்

ஈ.சி.ஆர். வீட்டுக்கும் ஓ.எம்.ஆர். அலுவலகத்துக்கும் நேர்க்கோட்டில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான். நடுவே கால்வாய். திருவான்மியூர் பக்கம், சோழிங்கநல்லூர்–அக்கரை சாலை, கேளம்பாக்கம்–கோவளம் சாலை என்று வண்டிகள் தாராளமாகக் கடக்கும் வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீலாங்கரையில் வீடு எடுத்துத் துரைப்பாக்கத்தில் வேலை பார்ப்பவருக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஓ.எம்.ஆரிலும் வீடு சாலைக்கு எந்தப் பக்கம் என்பது முக்கியம். தடுப்புச்சுவர் நீளமாக ஓடுவதால் எதிர்ப்பக்கம் போக யூ-டர்ன் தேடி அலைய வேண்டும். மாதவரம்–சிறுசேரி மெட்ரோ ரயில் வழித்தடப் பணிக்குத் தடுப்பு வைத்திருக்கும் இடங்களில் இன்னும் கூடுதல் சுற்று.

காலையில் பெருங்கூட்டம் வடக்கிலிருந்து தெற்கே போகும். அலுவலகத்துக்குத் தெற்கே வீடு எடுத்தால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் வரலாம். சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவர்கள் நாவலூர் பக்கம் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தரமணியில் வேலை என்றால் தெற்கே வரவே வேண்டாம். அங்குள்ள ஐ.டி. வளாகமான டைடல் பார்க், திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டித்தான் இருக்கிறது. மந்தைவெளி, மயிலாப்பூர், கஸ்தூரிபா நகர் பக்கம் பழைய சிறிய வீடு கிடைத்தாலும் மெட்ரோ வாட்டரும் பாதாள சாக்கடையும் உள்ள ஊரில் இருந்துகொண்டு ரயிலில் போய்விடலாம். சதுர அடி குறையும், லாரிக் கணக்கும் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டிப் பார்த்துவிட்டு இருபது நிமிடம் என்று முடிவு கட்டாதீர்கள். திங்கள் காலை எட்டரைக்கும் மாலை ஆறரைக்கும் ஒருமுறை போய்வாருங்கள். பஸ் என்றால் 102, 570 மாதிரி ஓ.எம்.ஆரிலேயே ஓடும் தடங்களின் நிறுத்தம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையை ஒட்டி வீடு என்றால் பெருங்குடி குப்பைக் கிடங்கின் வாடையும் ஒரு விஷயம். பகலில் கடற்காற்று அதை மேற்கே பள்ளிக்கரணைப் பக்கம் தள்ளும், இரவிலும் விடியலிலும் காற்று திரும்பும். ஒருமுறை காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள்.

அட்வான்ஸ் கைமாறும் முன்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம். 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாகச் சொல்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அதற்கு இடம் கொடுக்கிறது. ஓட்டை அங்கேதான். கையெழுத்துப் போட்ட பிறகு சட்டத்தைக் காட்டிப் பேச முடியாது, முன்பே பேசுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. அக்ரிமென்ட் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிந்து எண் வாங்க வேண்டும்.

வாடகைக்குப் பதிலாக லட்சக்கணக்கில் ஒத்திக்கு என்றால் பலமடங்கு உஷார் தேவை. வீட்டின் மேல் கடன் இருந்து ஓனர் கட்டாமல் விட்டால் வங்கி வரும்போது உங்கள் பணமும் மாட்டிக்கொள்ளும். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். சொத்துவரி ரசீதில் இருக்கும் பெயரும் பணம் வாங்குபவரின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். நேரில் வீட்டைக் காட்டாமல் ‘டோக்கன் அட்வான்ஸ் அனுப்புங்கள், க்யூ.ஆர். அனுப்புகிறேன்’ என்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கரன்ட் விஷயத்தில் வீட்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்று கேளுங்கள். மின்வாரியம் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. ஒரே இணைப்பை இரண்டு வீட்டுக்குப் பிரித்து சப்-மீட்டர் வைத்தால் ஒரு வீட்டுக்கான சலுகைதான் கிடைக்கும். இரண்டு வீட்டு உபயோகமும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். குடியேறும் நாளில் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே சுவர், குழாய், ஃபேன் கொக்கி, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். உப்புக்காற்றில் தானாக உதிர்ந்த பூச்சுக்கும் சேர்த்துப் பிடிக்கப் பார்ப்பார்கள். எவ்வளவு பிடிக்கலாம் என்பதை ரூபாய்க் கணக்கில் அக்ரிமென்ட்டிலேயே எழுதி வாங்குங்கள்.