சொல் விளக்கம்: பரிவு நரம்பு

பத்துமலையின் 272 படிகளையும் வெறுங்கையோடு ஏறினாலே நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பைத் தூண்டும் நரம்புகளுக்குத் தமிழில் 'பரிவு நரம்பு' என்று பெயர். இடைநிலைப்பள்ளியில் உயிரியலை மலாயில் படித்த நமக்கு 'சிம்பதெட்டிக்' சட்டென்று பிடிபடும்; பரிவு என்றால் சிரிப்புதான் வரும். பயத்திலும் சண்டையிலும் முந்திக்கொண்டு வேலை செய்கிற நரம்புக்கு இரக்கத்தின் பெயரா?

கிரேக்கத்தில் 'சின்' என்றால் உடன். 'பாதோஸ்' என்றால் படும் துன்பம். ஓர் உறுப்பு நோகும்போது இன்னொன்றும் சேர்ந்து நோவது இந்த நரம்புகளின் வழியாகத்தான் என்று பழைய மருத்துவர்கள் கருதினார்கள். 1732இல் பாரிஸில் உடற்கூற்று நூல் எழுதிய வின்ஸ்லோ அந்தப் பெயரையே நிலைநிறுத்தினார். ஆக, மூலச்சொல்லின் கருத்து உடன்வருந்துதல். தமிழிலும் பரிதல் வெறும் இரக்கம் இல்லை. 'பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்' என்ற குறளுக்குப் பரிமேலழகர் 'வருந்தியும்' காக்க என்றுதான் உரை சொல்கிறார். பெயர் வைத்தவர் யாரோ, நன்றாகவே வைத்திருக்கிறார்.

சரி, இந்த நரம்பு இதயத் தமனியை, அதாவது இதயத்தசைக்கே ரத்தம் கொண்டுவரும் குழாயை, என்ன செய்கிறது? இங்கேதான் ஒரு முரண். இது சுரக்கும் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருள், தமனிச் சுவரிலுள்ள ஆல்பா ஏற்பிகளை (அப்பொருளின் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதங்களை) தொட்டுக் குழாயைச் சுருக்கப் பார்க்கும். அதே நேரம் பீட்டா ஏற்பிகள் வழியாக இதயத்தை வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்க வைக்கும். இதயத்தசை ஓய்விலேயே தனக்கு வரும் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய 70 விழுக்காடு ஆக்சிஜனை எடுத்துவிடுகிறது; கூடுதலாகப் பிழிய அதிகம் இல்லை. எனவே ரத்தமே அதிகமாக வந்தாக வேண்டும். உழைக்கும் தசையிலிருந்து வெளிவரும் அடினோசின் போன்ற பொருள்கள் குழாயை விரிக்கின்றன, இந்த விரிவு சுருக்கத்தை வென்றுவிடுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டராக இருந்த ஓட்டம், கடும் உழைப்பில் நாலு மடங்குகூட ஆகும். கொழுப்புப் படிந்து குறுகிய தமனிக்கு இப்படி விரிய இடமில்லை. அங்கே நரம்பின் சுருக்கம் கைமேல் தெரியும், நெஞ்சுவலியாக.

அப்புறம், வேகஸ் நரம்பு சேர்ந்த மறுபக்கம். அது விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள், குழாயின் உட்சவ்வு நலமாக இருந்தால் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கவைத்து விரிக்கும். சவ்வு பழுதானால் அதே பொருள் சுருக்கும். 'பாராசிம்பதெட்டிக்' எனப்படும் இந்த மறுபக்க நரம்புகளைத் தமிழில் 'எதிர்ப்பரிவு' என்கிறார்கள். ஆனால் 'பாரா' என்பதற்கு இங்கே அருகில் என்றுதான் பொருள். உமிழ்நீர்ச் சுரப்பியில் இரு வகை நரம்புகளுமே சுரப்பைத் தூண்டுகின்றன, எதிரிகள் என்று சொல்லிவிட முடியாது. எனக்குத் 'துணைப்பரிவு' பொருத்தமாகப் படுகிறது.